டான்யூப் நதியை மேப்புல பின்னாடிலேர்ந்து படிக்கிறது எப்படி

ஒரு பெரிய ஆத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா எல்லாரும் பண்றது ஒண்ணுதான், அது பிறக்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சு அங்கேர்ந்து கூடவே கீழ இறங்கறது. டான்யூபுக்கு அது சரிப்பட்டு வரல. நானும் ரெண்டு தடவை அப்படி ஆரம்பிச்சு ரெண்டு தடவையும் ஜெர்மனியைத் தாண்டறதுக்குள்ள மூடி வெச்சுட்டேன். முதல்ல பிறக்கிற இடம் எதுன்னே அங்க சண்டை, அந்தச் சண்டையப் படிச்சு முடிச்சா அடுத்து ஒரு ஊர்ல ஆறே காணாமப் போகுது, அதுக்குள்ள நமக்குத் தலை சுத்திடும். மூணாவது தடவை தலைகீழா, கடல்லேர்ந்து மேல ஏறிப் பார்த்தேன். ஒரே வாரக் கடைசியில மொத்த ஆறும் மண்டையில ஏறிடுச்சு.

இது என்னோட கண்டுபிடிப்பு இல்ல, டான்யூபே அப்படித்தான் தன்னை எண்ணுது. கரையில நட்டு வெச்சிருக்கிற கிலோமீட்டர் போர்டு எல்லாம் ருமேனியாவுல இருக்கிற சுலினாங்கற ஊர்ல பூஜ்யத்துல ஆரம்பிச்சு மேல ஏறும். பெல்கிரேட் சுமார் 1170, புடாபெஸ்ட் 1647, வியன்னா 1929. ஆரம்பம் எதுன்னு அடிச்சுக்கிற ஆத்துக்கு முடிவுலேர்ந்து எண்றதுதான் புத்திசாலித்தனம்.

தேவையானது ரொம்பக் கம்மி. போன்லயோ லேப்டாப்லயோ ஒரு மேப், அதுல சாட்டிலைட் வியூ, பக்கத்துல ஒரு நோட்டு. நோட்டுல மூணு கேள்விய மட்டும் எழுதி வெச்சுக்கோங்க: ஆறு எங்க திரும்புது, எங்க ஒடுங்குது, எங்க இன்னொரு ஆறு வந்து சேருது. இந்த மூணு இடத்துலதான் கோட்டை இருக்கும், சண்டை நடந்திருக்கும், பாலமோ அணையோ கட்டியிருப்பாங்க. நாடு நாடா பிரிச்சுப் படிக்கவே படிக்காதீங்க, சுமார் 2850 கிலோமீட்டர் நீளத்துக்கு பத்து நாட்டைத் தொட்டுட்டுப் போற ஆறு இது (வோல்காவுக்கு அடுத்தபடி ஐரோப்பாவுலயே நீளம்), அதுல மால்டோவாவுக்குக் கிடைச்ச கரை ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, அதையெல்லாம் தனித்தனி அத்தியாயமா படிச்சா ஆறு துண்டு துண்டாத்தான் தெரியும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, பேரு மாறிக்கிட்டே வரும். ருமேனியால டுனெரியா, செர்பியா பல்கேரியா குரோஷியால டுனாவ், ஹங்கேரில டுனா, ஸ்லோவாக்கியால டுனாய், ஜெர்மன்ல டோனாவ். மேப்பை ஜூம் பண்ணப் பண்ண பேரு மாறும்போது வேற ஆத்துக்குள்ள போயிட்டோமோன்னு பயப்பட வேண்டாம். (பழைய ஈரானிய மொழிகள்ல டானுன்னாலே ஆறுதான், டான், டினிப்பர், டினிஸ்டர் எல்லாம் அதே வேர்னு சொல்வாங்க.) ரெண்டாவது, வலது கரை இடது கரைன்னு எங்க படிச்சாலும் அது தண்ணி ஓடுற பக்கம் பார்த்து நின்னா வர்ற வலது இடது. நாம எதிர்த்திசையில ஏறுறோம் இல்லையா, அதனால எல்லாமே உல்டாவா இருக்கும். புடா வலது கரை, பெஸ்ட் இடது கரைன்னு போட்டிருப்பாங்க, ஆனா நீங்க தெற்கேர்ந்து ஏறி வரும்போது புடா உங்க இடது கைப் பக்கம் வரும். நான் நோட்டுல ரெண்டு பக்கம் முழுக்க இதை மாத்தி எழுதி அடிச்சிருக்கேன்.

சரி, சுலினாவுக்குப் போங்க. ருமேனியாவோட கிழக்கு ஓரம், கருங்கடல்ல மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கும். ரோடு கிடையாது, துல்சியாங்கற ஊர்லேர்ந்து படகுலதான் போகணும். இப்போ கொஞ்சம் ஜூம் அவுட் பண்ணுங்க. ஆறு மூணு கையா பிரியறது தெரியும், வடக்க கிலியா, நடுவுல சுலினா, தெற்க ஸ்ஃபன்ட்டு கியோர்கே. தண்ணியில பெரும் பங்கு கிலியாவுலதான் போகுது, ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் எல்லையும் அதுதான். ஆனா கப்பல் போறது நடுக் கையில. பாருங்க, மத்த ரெண்டும் பாம்பு மாதிரி நெளிஞ்சுட்டு இருக்கும்போது நடுவுல இருக்கிறது மட்டும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஆறு தானா அப்படி ஓடாது, யாரோ வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

வெட்டினவங்க கதை கொஞ்சம் பெருசு. 1829-க்கு அப்புறம் இந்த முகத்துவாரம் ரஷ்யா கையில இருந்துச்சு. கடலும் ஆறும் சேர்ற இடத்துல மணல் திட்டு விழுந்து ஆழம் பத்தடி கூட இல்லாமப் போச்சு, ரஷ்யா வேணும்னே தூர் வாராம விட்டுது, அதோட ஒடெஸா துறைமுகத்துக் கோதுமை வியாபாரத்துக்கு இங்கேர்ந்து போட்டி வரக்கூடாதுன்னுதான்னு மத்த நாடுகள் குத்தம் சொல்லிட்டே இருந்தாங்க. கிரிமியப் போர்ல ரஷ்யா தோத்ததும் 1856 பாரிஸ் ஒப்பந்தத்துல ஐரோப்பிய டான்யூப் கமிஷன்னு ஒண்ணு போட்டாங்க. தனிக்கொடியெல்லாம் வெச்சுக்கிட்ட அமைப்பு அது, பல நாடு சேர்ந்து ஒரு ஆத்தோட வாயை நிர்வாகம் பண்ணின கதை அந்தக் காலத்துல ரொம்பப் புதுசு. சார்ல்ஸ் ஹார்ட்லின்னு ஒரு பிரிட்டிஷ் இன்ஜினியர் வந்து கடலுக்குள்ள ரெண்டு பக்கமும் நீளமா தடுப்புச் சுவர் நீட்டினார், ஆறு ஒடுங்கின பாதையில வேகமா ஓடி மணலைத் தானே அரிச்சுக்கிட்டுப் போயிடும், அதான் ஐடியா. அப்புறம் வளைவுகளை வெட்டி நேராக்கி இருபது கிலோமீட்டருக்கு மேல நீளத்தைக் குறைச்சாங்க.

வெட்டி விட்டதுல மிச்சமான பழைய வளைவை சாட்டிலைட் வியூல தேடுங்க, நேர் கோட்டுக்கு வடக்கால ஒரு பெரிய லூப் கிடைக்கும். அதுல மீலா 23-ன்னு ஒரு கிராமம். மீலான்னா மைல், சுலினாலேர்ந்து 23-ஆவது கடல் மைல்னு பேரு, கப்பல் பாதை விலகிப் போயே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஊர் மட்டும் இன்னும் அந்த நம்பரைத் தூக்கிட்டு இருக்கு. ஒலிம்பிக்ல நாலு தங்கம் வாங்கின படகு வீரர் இவான் பட்சாய்கின் இந்த ஊர்க்காரர்தான். சுத்தி இருக்கிற நாணல் காடு, ஏரி, பெலிக்கன் கூட்டம் எல்லாம் 1991-லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அங்கேயே ஒரு மணி நேரம் போயிடும், போகட்டும்.

இன்னொண்ணு, சுலினாவுல தொடங்கி பிரய்லாங்கற துறைமுகம் வரைக்கும் கடல் கப்பலே உள்ள வரும், அதனால அது வரைக்கும் கணக்கு கடல் மைல்ல போகும், அதுக்கு மேலதான் கிலோமீட்டர். ஒரு சோர்ஸ்ல மைல் இன்னொண்ணுல கிலோமீட்டர்னு குழப்பமா தெரிஞ்சா காரணம் இதுதான்.

இப்போ விரலை மேல ஏத்துங்க. கலாட்ஸ் தாண்டினதும் ஆறு சட்டுனு தெற்க இறங்கும், அதாவது தண்ணி அங்க வடக்கு நோக்கிப் போயிட்டு இருக்கு. இதுதான் முதல் திருப்பம். தெற்க செர்னவோடாங்கற ஊர் வரைக்கும் போய் அங்கேர்ந்து கிழக்க கடலுக்கு எவ்ளோ தூரம்னு மேப்புலயே அளந்து பாருங்க, அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். கடல் அவ்ளோ பக்கத்துல இருந்தும் ஆறு அங்க போகாம வடக்க திரும்பி 300 கிலோமீட்டர் சுத்திட்டுத்தான் கடலுக்குப் போகுது. நடுவுல தோப்ருஜாங்கற மேட்டு நிலம் குறுக்க உக்காந்திருக்கு, அதைத் தாண்ட முடியல. ஆறு பண்ணாததை மனுஷன் பண்ணினான். செர்னவோடாலேர்ந்து கான்ஸ்டன்ட்ஸா பக்கம் 64 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய், 1984-ல திறந்தாங்க. ஆனா 1949 முதல் 1953 வரைக்கும் நடந்த முதல் முயற்சியப் பத்தி எழுதாம விடக்கூடாது. அரசியல் கைதிகளைக் கொண்டுவந்து கேம்ப்ல அடைச்சு வெட்ட வெச்ச வேலை அது, ஏகப்பட்ட பேர் அங்கேயே செத்துப் போனாங்க, கடைசியில பாதியில கைவிட்டுட்டாங்க.

அதுக்கு மேல பல நூறு கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் ருமேனியா, ஒரு பக்கம் பல்கேரியா. இதை வேகமா தாண்டிடலாம், ஒரு விஷயம் மட்டும் பாருங்க. பல்கேரியக் கரை மேடு, ருமேனியக் கரை தட்டையான சமவெளி. ஊரெல்லாம் பல்கேரியப் பக்கம் ஆத்தோரமாவே இருக்கும், எதிர்ப்பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கும். இவ்ளோ நீளமான எல்லைக்கு மொத்தமே ரெண்டு பாலம், ரூசே பக்கம் 1954-ல ஒண்ணு, விடின் பக்கம் 2013-ல ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட அறுபது வருஷம்! ஆறு இணைக்கும்னு சும்மா சொல்றாங்க, இங்க அது நல்லா பிரிச்சுத்தான் வெச்சிருக்கு.

பல்கேரியா முடிஞ்சு செர்பியா தொடங்கற பக்கம் பிரஹோவோன்னு ஒரு ஊர். 1944-ல சோவியத் படை நெருங்கி வந்தப்ப ஜெர்மன்காரங்க தங்களோட கப்பல்களை இங்க தாங்களே மூழ்கடிச்சாங்க. 2022 கோடையில வறட்சி வந்து ஆறு வத்தினப்போ இருபதுக்கும் மேல கப்பல் எலும்புக்கூடு மாதிரி வெளிய தெரிஞ்சுது, சிலதுல வெடிமருந்து கூட அப்படியே இருந்துச்சு.

அடுத்தது ஒடுங்குற இடம், இந்த ஆத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அயர்ன் கேட்ஸ், இரும்பு வாசல். கார்பேத்தியன் மலைக்கும் பால்கன் மலைக்கும் நடுவுல ஆறு அறுத்துக்கிட்டு வர்ற 130 கிலோமீட்டர் சொச்சம் பள்ளத்தாக்கு, கசான்னு சொல்ற இடத்துல அகலம் 150 மீட்டர் கிட்ட வந்துடும். மேப்புல ரெண்டு பக்கமும் கரும்பச்சையா மலை, நடுவுல இழுத்துக் கட்டின நாடா மாதிரி ஆறு.

இங்க மூணு காலத்தை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுப் படிக்கணும். ரோமானியர்களுக்கு இந்த ஆறுதான் எல்லை வேலி, அதைத் தாண்டி டாசியாவை (இன்னிக்கு ருமேனியா இருக்கிற பக்கம்) பிடிக்கணும்னு டிராஜன் பேரரசர் டமாஸ்கஸ் ஊர் அப்போலோடோரஸ் கையால கி.பி. 103-லேர்ந்து 105-க்குள்ள ஒரு பாலம் கட்ட வெச்சார். ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், இருபது தூண். அதோட அடிக்கட்டை ரெண்டு கரையிலயும் இன்னும் நிக்குது, ட்ரோபெட்டா டுர்னு செவெரின் பக்கம் தேடிப் பாருங்க. அப்புறம் கப்பல் காலம். பாறையும் சுழலுமா இருந்த இடத்துல கப்பல் போக 1896-ல சிப் கால்வாய்னு ஒண்ணு வெட்டினாங்க, வெட்டினதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது அதுல தண்ணி வர்ற வேகத்துக்கு எதிர்த்துக் கப்பலால ஏற முடியலன்னு. முதல் உலகப் போர் நேரத்துல கரையோரமா தண்டவாளம் போட்டு நீராவி ரயில் இன்ஜினைக் கொண்டுவந்து கப்பலைக் கயிறு கட்டி இழுத்தாங்க. ரயில் இன்ஜின் கப்பலை இழுக்குது! அது 1960-கள் கடைசி வரைக்கும் நடந்துச்சு.

மூணாவது, அணை. யூகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து 1964-ல ஆரம்பிச்சு 1972-ல முடிச்சது, கிலோமீட்டர் 943. அணைக்குப் பின்னாடி தண்ணி முப்பது மீட்டருக்கு மேல ஏறிச்சு. சுழல், பாறை, சிப் கால்வாய், பழைய ஓர்ஷோவா ஊர் எல்லாம் உள்ள போச்சு, கூடவே அடா காலே. அது ஆத்து நடுவுல பெரும்பாலும் துருக்கியர்கள் வாழ்ந்த குட்டித் தீவு, மசூதி, கடைவீதி, கோட்டைன்னு இருந்த இடம், ஒட்டோமான் பேரரசு பின்வாங்கினப்போ மறந்து விட்டுட்டுப் போன துண்டு மாதிரி. இன்னிக்கு அங்க மேப்புல வெறும் தண்ணிதான். டிராஜனோட கல்வெட்டை மட்டும் பாறையோட அறுத்து மேல தூக்கி வெச்சாங்க, அது செர்பியக் கரையில இருக்கு, படகுல போனாதான் நல்லாத் தெரியும். எதிர்க்கரையில டாசிய ராஜா டெசெபாலஸோட பிரம்மாண்ட முகத்தைப் பாறையில செதுக்கி வெச்சிருக்காங்களே அது பழசுன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க, 1994-ல ஆரம்பிச்சு 2004-ல முடிச்சது. கருங்கடல்லேர்ந்து முட்டை போட மேல ஏறி வந்துக்கிட்டு இருந்த ஸ்டர்ஜன் மீனுக்கும் இந்த அணையோட கதவு மூடிடுச்சு.

மலையைத் தாண்டினா பெரிய சமவெளி. இங்க மூணாவது கேள்வி, சேர்ற இடம். சாவா, டிஸா, டிராவா மூணும் கிட்ட கிட்ட வந்து விழும், டிஸாவுக்கு நீளம் அதிகம், சாவாவுக்குத் தண்ணி அதிகம். சாவா வந்து சேர்ற மூலையில மேட்டு மேல ஒரு கோட்டை, அதுதான் பெல்கிரேட். 1914 ஜூலை கடைசியில ஆஸ்திரியா ஹங்கேரியோட ஆத்துப் போர்க்கப்பல்கள் இந்த ஊர் மேல சுட்டதுதான் முதல் உலகப் போரோட முதல் குண்டுகள், அதுல போட்ரோக்ங்கற கப்பல் இன்னும் பெல்கிரேட்லயே மியூசியமா நிக்குது. மேல நோவி சாட், எதிர்க்க பெட்ரோவாரடின் கோட்டை. கோட்டை மணிக்கூண்டு போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க, பெரிய முள் மணியக் காட்டும், சின்ன முள் நிமிஷத்தை. ஆத்துல தூரத்துல வர்ற படகுக்காரனுக்கு மணி தெரிஞ்சாப் போதும், நிமிஷம் யாருக்கு வேணும். 1999-ல நேட்டோ குண்டு போட்டு இந்த ஊரோட மூணு பாலமும் ஆத்துக்குள்ள விழுந்துச்சு, கப்பல் போக்குவரத்து வருஷக்கணக்கா முடங்கிச்சு. அங்கேர்ந்து கொஞ்சம் கீழ ஸ்ரெம்ஸ்கி கார்லோவ்சின்னு சின்ன ஊர், ஒட்டோமான்கள் ஹங்கேரிய விட்டுக் கொடுத்த 1699 ஒப்பந்தம் அங்கதான். நோட்டுல குறிச்சு வையுங்க, மேல உல்ம் வரும்போது தேவைப்படும்.

இப்போ ஒரு நல்ல பயிற்சி. செர்பியா குரோஷியா எல்லையில, அபாட்டின் ஊர் பக்கம் நல்லா ஜூம் பண்ணுங்க. சாட்டிலைட் வியூல எல்லைக் கோட்டைப் போட்டுப் பார்த்தா அது ஆத்தோட போகாது, ஆத்தை விட்டுட்டு வயலுக்குள்ளயும் காட்டுக்குள்ளயும் வளைஞ்சு வளைஞ்சு போயிட்டு திரும்ப ஆத்துக்கு வரும். பழைய டான்யூப் அப்படித்தான் வளைஞ்சு ஓடிச்சு, 19-ஆம் நூற்றாண்டுல வளைவுகளை வெட்டி நேராக்கிட்டாங்க, நிலப் பதிவு மட்டும் பழைய வளைவுபடியே நின்னுடுச்சு. குரோஷியா பதிவுப்படிதான் எல்லைங்குது, செர்பியா இப்போ ஓடுற ஆத்தோட நடுக்கோடுதான்ங்குது. இதுல தமாஷ், ரெண்டு கணக்குலயும் விட்டுப் போன சில துண்டு மேற்குக் கரையில இருக்கு, ரெண்டு பேருமே எனக்கு வேணாம்ங்கறாங்க. அதுல பெருசா ஏழு சதுர கிலோமீட்டர் இருக்கிற துண்டுல 2015-ல ஒரு செக் அரசியல்வாதி போய் கொடி நட்டு லிபர்லாண்ட்னு தனி நாடே அறிவிச்சார். ஐ.நா.வுல இருக்கிற எந்த நாடும் அதை ஏத்துக்கல.

ஹங்கேரிக்குள்ள ஆறு நேரா வடக்க ஏறும். மொஹாக்ஸ், ஒட்டோமான் படை ஹங்கேரியத் தோற்கடிச்ச 1526 போர், நின்னு குறிச்சுக்கோங்க. ஒட்டோமான் படைக்கு அந்தப் பாதையில இந்த ஆறுதான் ஹைவே, பீரங்கியும் தானியமும் படகுல வரும், அதனாலதான் பெல்கிரேட், மொஹாக்ஸ், புடா, வியன்னான்னு அவங்க அடிச்ச ஊரெல்லாம் ஒரே நூல்ல கோத்த மணி மாதிரி இருக்கு. புடாபெஸ்ட்ல 1838 வெள்ளம் பெஸ்ட் பக்கத்தைத் துவம்சம் பண்ணிச்சு, 1849-ல செயின் பிரிட்ஜ், 1873-லதான் புடா, ஓபுடா, பெஸ்ட் மூணும் சேர்ந்து ஒரே ஊராச்சு.

அதுக்கு மேல விசெக்ராட் கிட்ட ஆறு பட்டுனு மேற்க மடங்கும், ரெண்டாவது பெரிய திருப்பம். எஸ்டெர்கோம் பாலம் 1944-ல வெடி வெச்சுத் தகர்த்தது, திரும்பக் கட்டித் திறந்தது 2001. அக்கரை ஸ்லோவாக்கியா, ரெண்டு பக்கமும் பேசறது பெரும்பாலும் ஹங்கேரியன், ஆனாலும் பாலத்துக்கு 57 வருஷம் ஆச்சு.

இங்கேர்ந்து பிராட்டிஸ்லாவா போற வழியில நான் வழி தவறின இடம் ஒண்ணு இருக்கு, நீங்க தவறாதீங்க. ஆறு ரெண்டா பிரியும். ஒண்ணு அகலமா, நேரா, கம்பீரமா. இன்னொண்ணு ஒல்லியா, கிளை கிளையா, காட்டுக்குள்ள. அகலமானதுதான் ஆறுன்னு நான் அதுலயே போனேன், ஆனா அது கால்வாய், ஒல்லியா கெடக்கறதுதான் நிஜ டான்யூப். 1977-ல செக்கோஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் சேர்ந்து அணை கட்ட ஒப்பந்தம் போட்டாங்க, 1989-ல ஹங்கேரி சுற்றுச்சூழலைக் காட்டி வேலைய நிறுத்திச்சு, அந்தப் பக்கம் விடல, 1992 அக்டோபர்ல தண்ணியைத் தங்கள் பக்கம் கப்சிகோவோ மின் நிலையத்துக்குத் திருப்பிட்டாங்க. ஹேக்ல இருக்கிற சர்வதேச நீதிமன்றம் 1997-ல ரெண்டு பேர் மேலயும் தப்பு, உக்காந்து பேசுங்கன்னு தீர்ப்பு சொல்லிச்சு. தீர்ப்பு வந்து இவ்ளோ வருஷம் ஆகியும் மேப்புல ஆறு ஒல்லியாத்தான் இருக்கு.

வியன்னாவுல நாலு கோடு தெரியும், எது டான்யூப்னு முழிப்பீங்க. ஊருக்குள்ள வளைஞ்சு போறது டான்யூப் கால்வாய், நடுவுல நேரா போறது 1870-லேர்ந்து 1875-க்குள்ள வெட்டின இப்போதைய ஆறு, அதுக்கு இணையா 21 கிலோமீட்டருக்கு ஓடுறது வெள்ளம் வந்தா திறந்து விட 1972-லேர்ந்து தோண்டின புது டான்யூப், தோண்டின மண்ணை நடுவுல கொட்டினதுதான் டோனாவின்ஸல் தீவு. கிழக்க வளைவா ஏரி மாதிரி நிக்கறது, பழைய டான்யூப், அதுதான் ஒரிஜினல். புது டான்யூப் கணக்கு எதை வெச்சுன்னா 1501-ல வந்த வெள்ளத்தை வெச்சு, நொடிக்கு 14,000 கன மீட்டர். இந்த வருஷத்தை மறக்காதீங்க, திரும்ப வரும்.

வியன்னாவுக்கு மேல ஆஸ்திரியாவுல அணைக்கு மேல அணை, ஆறு படிக்கட்டு மாதிரி ஆகிடுச்சு. தடையில்லாம ஓடுறது ரெண்டே இடம், வியன்னாவுக்குக் கிழக்க ஒண்ணு, வாஹாவ் பள்ளத்தாக்கு ஒண்ணு. கிழக்க இருக்கிறதும் சும்மா தப்பிக்கல, 1984 டிசம்பர் குளிர்ல ஹைன்பர்க் காட்டுல மக்கள் கூடாரம் போட்டு உக்காந்து அணை வேலைய நிறுத்தினாங்க. வாஹாவ்ல டூர்ன்ஸ்டைன் கோட்டை, சிலுவைப் போர்லேர்ந்து திரும்பின இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192 கடைசியில பிடிச்சு அடைச்சு வெச்ச இடம், அவரை விட வாங்கின வெள்ளிப் பணத்துல வியன்னாவுக்கு மதில் கட்டிக்கிட்டாங்க.

பாஸாவ் ஊர்ல சாட்டிலைட் வியூ கண்டிப்பா போடுங்க. மூணு ஆறு சேரும், மூணு கலர். மலைப்பனி உருகி வர்ற இன்ங்கற ஆறு பால் கலந்த பச்சை, சதுப்புக் காட்டுலேர்ந்து வர்ற குட்டி இல்ஸ் கறுப்பு, நடுவுல டான்யூப். சேர்ந்ததுக்கு அப்புறமும் கொஞ்ச தூரம் கலக்காம பக்கம் பக்கமா போகும். சராசரியா தண்ணி அதிகம் கொண்டு வர்றது இன் தான், நியாயமா பார்த்தா அதுக்குக் கீழ ஓடுற ஆத்துக்கு இன்னுதான் பேரு இருக்கணும், ஆனா பேரு வெக்கறவன் தண்ணிய அளந்தா வெச்சான். அங்க டவுன் ஹால் சுவர்ல வெள்ளம் ஏறின உயரத்தை வருஷம் போட்டுக் கோடு கோடா குறிச்சிருக்காங்க. 2013 ஜூன்ல வந்தது 12.89 மீட்டர், 1501-க்கு அப்புறம் அதுதான் பெருசு.

ரேகன்ஸ்பர்க் மூணாவது திருப்பம், ஆத்தோட வடகோடி. 1135-லேர்ந்து 1146-க்குள்ள கட்டின கல் பாலம் இன்னும் நிக்குது. கெல்ஹைம்ல ரைன் பக்கம் போற மைன் டான்யூப் கால்வாய் சேரும், 171 கிலோமீட்டர், 1992-ல திறந்தது, சார்லமேன் ராஜா 793-லயே இதை வெட்டப் பார்த்து விட்டுட்டார். உல்ம்ல அந்த 1699 குறிப்பை எடுங்க. துருக்கியர் விட்டுப் போன நிலத்துல குடியேத்த ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு கூப்பிட்ட ஆயிரக்கணக்கான ஜெர்மன் குடும்பங்கள் 18-ஆம் நூற்றாண்டுல இங்கதான் படகு ஏறினாங்க. பலகை அடிச்ச பெட்டி மாதிரி படகு, கீழ போகத்தான் லாயக்கு, திரும்ப ஏற முடியாது, போய்ச் சேர்ந்ததும் உடைச்சு மரத்தை வித்துடுவாங்க.

கடைசியா இம்மெண்டிங்கன். கோடைக்காலத்துல எடுத்த படம் கிடைச்சா பாருங்க, ரெண்டு கரையும் பாலமும் இருக்கும், நடுவுல வெள்ளைக் கூழாங்கல்லு மட்டும் கெடக்கும், தண்ணி இருக்காது. அடியில சுண்ணாம்புப் பாறை, ஆறு பொத்தல் வழியா உள்ள இறங்கிடுது. எங்க போகுதுன்னு 1877-ல அடால்ஃப் க்னோப்ங்கற ஆய்வாளர் பல டன் உப்பையும் பத்து கிலோ சாயத்தையும் கொட்டிப் பார்த்தார், சுமார் அறுபது மணி நேரம் கழிச்சு தெற்க 12 கிலோமீட்டர் தள்ளி ஆஹ்டாப்ஃப் ஊத்துல தண்ணி பச்சையா மின்னிக்கிட்டு வந்துச்சு, உப்புக் கரிச்சுக்கிட்டு. பொத்தலை அடைக்கலாமா கூடாதான்னு ரெண்டு பக்கத்து ஆலைக்காரங்களும் அடிச்சுக்கிட்டது வளர்ந்து 1927-ல ஜெர்மன் மாநிலங்களே கோர்ட்டுல நின்னாங்க.

அதுக்கு மேல பிரெக், பிரிகாஹ்னு ரெண்டு சின்ன ஆறு. ரெண்டும் சேர்ற டோனாவெஷிங்கன்காரங்க அரண்மனைப் பக்கம் ஊத்தைச் சுத்திக் கல் தொட்டி கட்டி இதுதான் பிறப்பிடம்ங்கறாங்க, நீளமான பிரெக் எங்கள்துன்னு ஃபுர்ட்வாங்கன்காரங்க அவங்க ஊத்தைக் காட்டறாங்க. கடல்லேர்ந்து இவ்ளோ தூரம் ஏறி வந்தவங்களுக்கு அந்தச் சண்டை பெருசாத் தெரியாது.

நோட்டுல இடம் மிச்சம் இருந்தா இம்மெண்டிங்கனுக்கே திரும்பி வந்து, அந்தப் பொத்தல்ல இறங்கின தண்ணியப் பிடிச்சுட்டு ஆஹ் ஆறு வழியா கீழ போங்க. அது கான்ஸ்டன்ஸ் ஏரியோட கீழ் ஏரியில விழுந்து ரைன் ஆகி வட கடலுக்குப் போயிடும். ரைன்ல கிலோமீட்டர் போர்டு கான்ஸ்டன்ஸ் பாலத்துல பூஜ்யம், தண்ணி ஓடுற திசையிலயே எண்ணிக்கிட்டுப் போய் ஹாலந்து கரையில 1036 கிட்ட முடியும்.